வீட்டுப் பூனையை வெளியே விடுவது: சட்டமும் செய்முறையும்

இலங்கையில் வீட்டுப் பூனை வெளியே திரியக்கூடாது என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. நாய்க்குப் பதிவு உண்டு. பூனைக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் கொக்கிளாய் போன்ற ஊரில் பூனை வளர்ப்பவருக்கு விஷயம் இத்துடன் முடிவதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு அந்தலையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருக்கிறது இந்த ஊர். களப்பு 1951இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஐப்பசி முதல் சித்திரை வரை வலசைப் பறவைகள் சேற்றுத் திட்டுகளில் மேய்கின்றன. பங்குனி முதல் ஆடி வரை ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. களப்போரத்து வளவில் இருந்து இரவில் இறங்கும் பூனைக்கு இரண்டு பருவத்திலும் இரை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் வளர்ப்பவரே எல்லை போட வேண்டும். அந்த எல்லை எது, அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதே இந்த அத்தியாயம்.

சட்டம் எங்கே குறுக்கிடும்

பூனை தொடர்பாகப் பிரச்சினை வரும்போது பெரும்பாலும் நான்கு சட்டங்கள் பேச்சில் அடிபடும். நான்கும் பழையவை.

1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் விசர் பிடித்த விலங்கையும் அதனிடம் கடிபட்ட விலங்கையும் கையாளும் அதிகாரத்தைத் தருகிறது. தடுப்பூசி போடாத பூனையை விசர்நாய் கடித்துவிட்டால், "என் பூனை, நான் பார்த்துக்கொள்வேன்" என்ற பேச்சு எடுபடாது. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் பெயருக்கேற்ப நாயோடு நின்றுவிடுகிறது. பிரதேச சபையில் பூனைக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு அலைய வேண்டியதில்லை.

1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் அயலவருக்கும் பொருந்தும், வளர்ப்பவருக்கும் பொருந்தும். கோழிக்குஞ்சைப் பிடித்த பூனையை அடித்து முறிப்பது குற்றம். தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. நூறு ஆண்டுக்கு முன் அது பெரிய காசு; இன்று ஒரு தேநீருக்குச் சரி. ஆனால் சிறைத் தண்டனைக்கும் அதில் இடமிருக்கிறது. புதிய விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகளாகப் பேச்சளவில் இருக்கிறது.

நான்காவது, 1937ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சரணாலயத்தில் காட்டு விலங்கைக் கொல்வதும், முட்டையை எடுப்பதும், கூட்டை அழிப்பதும் இதன்கீழ் குற்றம். கடலாமையும் அதன் முட்டையும் எங்கிருந்தாலும் பாதுகாக்கப்பட்டவை. தேசிய பூங்காவுக்குள் வீட்டு விலங்கைக் கொண்டுபோகவே முடியாது. சரணாலயம் அப்படியல்ல, அதைச் சுற்றி ஆட்கள் வாழ்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். பூனை தானாகப் போய்க் குஞ்சைப் பிடிப்பதும், ஆள் பொறி வைத்துப் பிடிப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. அதனாலேயே பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரின் நல்லெண்ணத்தில் தங்கி நிற்கிறது.

பூனை அயல் வளவுக்குள் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் 1926இல் ஒரு வழக்கு நடந்தது. பக்கத்து வீட்டின் புறாக்களையும் சிறு கோழிகளையும் ஒரு பூனை கொன்றுவிட்டது. அலைவது பூனையின் இயல்பு, அதற்கு உரிமையாளர் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. இத்தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உலகின் பல இடங்களில் பூனைக்கு மட்டும் வேலி இல்லாமல் போனதன் பின்னால் உள்ள எண்ணம் இதுதான்.

அந்த எண்ணம் இப்போது மாறி வருகிறது. ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரில் தரையில் கூடுகட்டும் கொண்டை வானம்பாடியைக் காப்பதற்காக 2022இல் ஓர் உத்தரவு வந்தது: குஞ்சு வளரும் மாதங்களில் பூனை வீட்டுக்குள். மீறினால் 500 யூரோ. பூனை அந்தப் பறவையைக் கொன்றால் 50,000 யூரோ வரை. அவுஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசத்தில் 2022 யூலை 1 முதல் பிறந்த எல்லாப் பூனைகளும் அடைத்தே வளர்க்கப்பட வேண்டும். ஐஸ்லாந்தின் அகுரேரி நகரம் முழுத் தடை என்று தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் இரவுத் தடையாக இறங்கியது. சிங்கப்பூரில் அரச அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கு இருந்த தடை 2024 செப்டெம்பரில் நீங்கியது. பதிலுக்கு அனுமதியும் மைக்ரோசிப்பும் வேண்டும், ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைதான். கொக்கிளாய்க்கு மிக நெருங்கி வருவது வால்டோர்ஃப் ஏற்பாடுதான். பறவையின் நாட்காட்டியைப் பார்த்துப் போட்ட சட்டம் அது.

ஊரில் சொல்லப்படும் நியாயங்கள்

"பூனை வெளியே போகாவிட்டால் எலியை யார் பிடிப்பது?" நெல் மூட்டையும் வலையும் வைத்திருக்கும் வீட்டில் இது வெறும் சாட்டு அல்ல. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்த பிறகு இந்தப் பேச்சுக்கு வலு கூடியது. ஆனால் பூனை பிடிப்பது சுண்டெலியையும் இளம் எலியையும்தான். பெருத்த எலியோடு அது மல்லுக்கட்டுவது அரிது. நியூயோர்க்கில் ஒரு பழைய பொருள் சேகரிப்பு நிலையத்தைக் கமராவால் கண்காணித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பல வாரங்களில் பூனைகள் கொன்ற எலி இரண்டே இரண்டு. மூட்டையைத் தரையில் வைக்காமல் பரணில் அடுக்குவதும், ஓட்டைகளை அடைப்பதும், மீன் கழிவைப் புதைப்பதும் பூனையைவிட நன்றாக வேலை செய்யும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை வீட்டு எலியைப் பிடிக்கத் தடையும் இல்லை.

"அடைத்து வைப்பது பாவம்" என்பது அடுத்தது. வெறும் அறைக்குள் அடைத்தால் பாவம்தான்; ஏறவும் ஒளியவும் நகம் கூராக்கவும் இடமிருந்தால் அல்ல. "வாடியில் நிற்கிற பூனை யாருடையதும் இல்லை" என்ற பேச்சும் உண்டு. கரைவலை இழுக்கும் வாடிகளில் மீன் கழிவைத் தின்று பெருகும் பூனைகளில் பல, யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விட்ட குட்டிகளின் வழியில் வந்தவை. குட்டிகளைக் கரையில் விடுவதுதான் களப்புக்கு மிகப் பெரிய கேடு. அதற்கு நியாயம் எதுவும் இல்லை.

பறவையை விட்டாலும், காட்டுப் பூனை என்றொரு விஷயம் இருக்கிறது. 1984இல் மக்கள் வெளியேறி, போர் முடிந்த பின்னர் திரும்பிய ஊர் இது. பற்றைக்காடு வீட்டு வேலி வரை வந்து நிற்கிறது. வன்னிப் பற்றைகளில் வாழும் காட்டுப்பூனை வீட்டுப் பூனையோடு கலந்து குட்டியிடக்கூடியது. நோயும் இரு பக்கமும் தொற்றும்.

எந்த வீட்டுக்கு எது

களப்புக் கரையிலும் கடற்கரையிலும் உள்ள வளவு: பங்குனி முதல் ஆடி வரை பகலிலும் இரவிலும் அடைப்பு. மற்ற மாதங்களில் இரவு அடைப்பு கட்டாயம்.

ஊர் நடுவிலும் வீதியோரத்திலும் உள்ள வளவு: ஆண்டு முழுவதும் இரவு அடைப்பு. பகலில் வேலிக்குள் மட்டும்.

வாடியில் வளரும் பூனை: கருத்தடை, தடுப்பூசி, மீன் கழிவைப் புதைத்தல். இந்த மூன்றையும் செய்தாலே பெரிய காரியம். அடைப்பது நடைமுறையில் கைகூடாது.

முதல் வேலை: ஊசியும் கருத்தடையும்

அடைக்கும் முன்பே இவை இரண்டும் முடிந்திருக்க வேண்டும். கருத்தடை செய்யாத கடுவனை அடைப்பது பெரும்பாடு. கூரையைப் பிரித்துக்கொண்டாவது போய்விடும்.

1. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் விசர்நோய்த் தடுப்பூசி. அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் நாய்த் தடுப்பூசி முகாம் எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்து, பூனைக்கும் அங்கே போடுவார்களா என்று முன்கூட்டியே உறுதிப்படுத்த வேண்டும்.
2. ஊசி அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். பூனை யாரையாவது கடித்தால் முதலில் கேட்பது அதைத்தான்.
3. நான்கு, ஐந்து மாதத்திலேயே கருத்தடை. பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். இரண்டு மாதம் சுமந்து மூன்று முதல் ஐந்து குட்டி போடும். "ஒரு முறை குட்டி போடட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருப்பதில் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை.
4. அரச கால்நடை வைத்தியரிடம் நாள் குறித்துக்கொண்டு, பிரயாணத்துக்கு மூடியுள்ள கூடையோ பிளாஸ்டிக் பெட்டியோ எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் மூச்சுத் திணறும்.

இரவு அடைப்பு: படிமுறை

வளர்ந்த பூனைக்கு மூன்று, நான்கு கிழமை ஒதுக்க வேண்டும். குட்டிக்குச் சில நாள் போதும்.

1. பகல் சாப்பாட்டைக் குறைத்து, முக்கியச் சாப்பாட்டைப் பொழுது சாயும் முன் மாலை ஐந்தரை மணியளவில் வைக்க வேண்டும். ஒரே நேரம், ஒரே பாத்திரம், ஒரே சத்தம். பாத்திரத்தைக் கரண்டியால் தட்டுவதே போதுமான அழைப்பு.
2. முதல் கிழமை அறைக்குள் சாப்பாடு; கதவு திறந்தே இருக்கும்.
3. இரண்டாம் கிழமை சாப்பிடும் வரை கதவை மூட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம், பிறகு இரண்டு.
4. மூன்றாம் கிழமை முதல் விடியும் வரை. நன்றாக வெளிச்சம் வந்த பிறகே திறக்க வேண்டும். வேட்டை கூடுதலாக நடப்பது அந்தியிலும் வைகறையிலும்.
5. அறையில் மண் தட்டு வேண்டும். ஒரு பூனைக்கு ஒரு தட்டும் மேலதிகமாக ஒன்றும் என்பது கணக்கு. காய்ந்த ஆற்று மணல், மரத்தூள் இரண்டும் சரி. கடல் மணலை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பின் போடலாம்.
6. தட்டை நாளுக்கு ஒரு முறை துப்புரவாக்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடக்கூடாது. பூனை மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மா கிருமி கருவைப் பாதிக்கும்.
7. கத்தினால் திறக்கக்கூடாது. ஒரு முறை திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று அது படித்துவிடும்.

குறிப்பு: இறைச்சி, மீன் நிறைந்த சாப்பாடும் நாளுக்குச் சில நிமிட விளையாட்டும் வேட்டையைக் குறைக்கும். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் கூடிய உணவு வீட்டுக்குக் கொண்டுவரும் இரையை 36 வீதமும் விளையாட்டு 25 வீதமும் குறைத்தன. கழுத்து மணியால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. சோறும் குழம்பும் மட்டும் வைத்துவிட்டு வேட்டைக்குப் போகாதே என்றால் பூனை கேட்காது. அவித்து முள் எடுத்த மீனோ கோழி ஈரலோ சேர வேண்டும். உப்புக் கருவாடு கூடாது.

முற்றத்தில் வலைக்கூடு

களப்பு ஓரத்து வீட்டில் பகலிலும் அடைக்க வேண்டிய மாதங்களுக்கு இது தேவை. செலவு குறைவு, வேண்டிய சாமான் பாதி ஊரிலேயே இருக்கிறது.

1. வீட்டுச் சுவரோடு ஒட்டிய நிழலான இடம். ஒரு பூனைக்கு ஆறடி நீளம், நான்கடி அகலம், ஆறடி உயரம் ஆகக் குறைந்தது. ஆள் நின்று கூட்டும் உயரம் வேண்டும்.
2. நான்கு மூலைக்கும் பனங்குற்றி அல்லது இரும்புக் குழாய். ஒன்றரை அடி ஆழத்தில் நட வேண்டும்.
3. சுற்றிலும் கோழிக்கூட்டுக் கம்பி வலை. கண் ஓர் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அடியில் ஆறு அங்குலத்தை மண்ணுக்குள் புதைத்தால் கீரி தோண்டி நுழையாது.
4. மேலேயும் வலை. அதன் பாதிக்குக் கிடுகு வேய வேண்டும்.
5. உள்ளே இரண்டு உயரத்தில் பலகை, கயிறு சுற்றிய ஒரு மரக்கட்டை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி.
6. மாரியில் தண்ணீர் நிற்கும் வளவானால் தரையை ஓர் அடி உயர்த்த வேண்டும்.
7. சன்னலில் இருந்து நேரே இறங்கும் வழி இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் கதவுக்கு இரட்டைக் கொளுக்கி. ஒற்றைக் கொளுக்கியைப் பூனை ஒரு கிழமையில் திறந்துவிடும்.

எச்சரிக்கை: பழைய தங்கூசி வலையைக் கட்டவே கூடாது. காசு மிச்சம் என்று பலர் அதைத்தான் எடுப்பார்கள். மெல்லிய இழை காலிலும் கழுத்திலும் இறுகி அறுத்துவிடும். பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும். முறுக்கு நூல் வலையை மேல்பக்கத்துக்கு மட்டும் இழுத்துக் கட்டலாம். பக்கங்களுக்குக் கம்பி வலைதான்.

வலைக்கூடு வேண்டாம், வளவு முழுவதையும் பூனைக்கு விடலாம் என்றால் வேலியின் உச்சியில் இரண்டடி அகல வலையை உள்பக்கம் சாய்த்துத் தொங்கவிட வேண்டும். பனைமட்டை வேலியில் பூனை ஏணியில் போல ஏறும். சாய்ந்த வலை வந்ததும் திரும்பிவிடும். படலையின் அடியையும் வேலியோடு நிற்கும் மரக்கிளையையும் மறப்பதே இந்த ஏற்பாடு தோற்கும் இடம்.

வழக்கமான பிழைகள்

பூனையைக் கயிற்றில் கட்டிவைப்பது. கழுத்தில் இறுகும், பாம்போ நாயோ வந்தால் தப்ப வழியிருக்காது. வெளியே கூட்டிப்போக வேண்டுமானால் மார்புப் பட்டிதான்.

இறுக்கமான கழுத்துப்பட்டி. இழுத்தால் தானாக விடுபடும் வகை மட்டுமே ஏற்றது. தொலைபேசி இலக்கத்தை அதில் எழுதலாம்.

காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பது. பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. ஒரு குளிசையே உயிரை எடுக்கும்.

எலிப்பாஷாணமும் பூனையும் ஒரே வளவில். நஞ்சு தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் அதே கதி வரலாம். அயல் வயலில் பாஷாணம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, வைத்திருந்தால் பூனையை உள்ளே வைத்திருக்க வேண்டும்.

அடைத்த முதல் நாளே முழு நாளும் அடைப்பது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் இரண்டாம் நாளே கைவிடுவதற்கு இதுதான் காரணம்.

அயலவர் முறைப்பாடு வந்தால்

கோழிக்குஞ்சுதான் பெரும்பாலும் வழக்கு. முதலில் நேரே போய்ப் பேசி, குஞ்சின் பெறுமதியைக் கொடுத்து, இரவு அடைப்பு தொடங்கிவிட்டதைச் சொல்ல வேண்டும். அயலவரின் கோழிக்கூட்டுக்கு வலை அடிக்க உதவினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பேச்சு முற்றினால் கிராம அலுவலர். அதற்கும் மேலே போனால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சிறு பிணக்குகளை நீதிமன்றம் போகாமல் தீர்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. பூனைக்கு நஞ்சு வைப்பேன் என்று யாராவது மிரட்டினால் அதைத் திகதியோடு எழுதி வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். நஞ்சு பூனையோடு நிற்காது. கோழி, நாய், சிறுபிள்ளை என்று யாரையும் தொடும்.

கடி, கீறல்

1. காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும்.
2. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக்கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.
3. அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். வளர்ப்புப் பூனைதானே என்று தள்ளிப்போடக்கூடாது. இலங்கையில் நாய்க்கு அடுத்தபடியாக விசர்நோயைக் கடத்துவது பூனை.
4. பூனையைக் கொல்லாமல், அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் அது செத்தாலோ மாறாக நடந்தாலோ உடனே வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும். செத்த உடலை வெறுங்கையால் தொடக்கூடாது.

பூனை காணாமற்போனால்

தேடுவது பகலில், வீட்டைச் சுற்றி ஐம்பது, நூறு யார் தூரத்துக்குள் தொடங்க வேண்டும். பயந்த பூனை தூரம் போவதில்லை. விறகு அடுக்கு, படகின் அடி, மாட்டுக் கொட்டில், கிணற்றின் உள்வளையம் என்று அருகிலேயே ஒளிந்திருக்கும். கிணற்றுக்குக் கம்பி வலை மூடி போட்டுவைப்பது முன்கூட்டியே செய்யும் வேலை.

பற்றைக்குள் போகும்போது முழங்கால் வரை மூடிய காலணியும் தடியும் வேண்டும்; கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் கண்ணுக்குத் தெரியாது. களப்பு விளிம்பில் முதலை உண்டு; இருட்டில் தண்ணீரோரம் போகக்கூடாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகையோ சிவப்புக் குற்றியோ இருக்கும் நிலத்துக்குள் பூனையின் சத்தம் கேட்டாலும் ஓர் அடி வைக்கக்கூடாது. பிள்ளைகளைத் தேட அனுப்பக்கூடாது. எல்லைக்கு வெளியே, வழக்கமான பாத்திரத்தில் மீன் வைத்து, வழக்கமான நேரத்தில் கரண்டியால் தட்டிக் காத்திருக்கலாம். பெயர் தெரியாத வெடிபொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும்.

திரும்பி வந்த பூனையை முதல் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே வைத்து, கடிகாயம் இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். காயம் இருந்தால், தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போக வேண்டும்.